இரட்டைப் பூட்டு

தச்சருக்கு வயிறு எரிந்தது. காரணத்தை வெளியே சொன்னால் தெருவே கூடிச் சிரிக்கும். வீடு போயிற்று, வேலை போயிற்று என்று எரிந்தால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். தன் நண்பன் இன்னொருத்தனை ‘மச்சான்’ என்று கூப்பிட்டுவிட்டான் என்பதற்காக, நாற்பதைத் தாண்டிய ஒரு மனுஷன் புழுங்கிச் சாகிறான் என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்ல? கட்டின மனைவியிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த நண்பனுக்குப் பொறி என்று பெயர் வைத்ததே தச்சர்தான். வெல்டிங் வேலை செய்பவன். சட்டை வாங்கிய மறுநாளே அதில் பொறி பட்டு ஓட்டை விழுந்துவிடும். ஊரில் ஆற்றுப் பக்கத்தாருக்கும் மேட்டுப் பக்கத்தாருக்கும் சண்டை நடந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே நிலவறையில்தான் பதுங்கிக் கிடந்தன. மேலே குண்டு விழும்போதெல்லாம் பொறிக்கு வலது கை நடுங்க ஆரம்பித்துவிடும். தச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வார். ஒருவன் தச்சனிடம் கதவு செய்யச் சொன்னானாம். எந்தப் பக்கம் திறக்கணும் என்று தச்சன் கேட்டானாம். “மாமியார் வந்தா திறக்காத பக்கம்” என்றானாம். இதில் சிரிக்க அப்படி என்ன இருக்கிறதோ, பொறி ஒவ்வொரு தடவையும் சிரிப்பான். கை நின்றுவிடும்.

சண்டை முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டறை போடுவது என்று அந்த நிலவறையிலேயே பேசி முடித்திருந்தார்கள். மரம் இவருடையது, இரும்பு அவனுடையது.

சண்டை முடிந்தது. ஆற்றுப் பக்கத்துக்கும் மேட்டுப் பக்கத்துக்கும் நடுவே, இரண்டு தரப்பும் மாறி மாறிக் கொளுத்திய கடைத்தெரு கரிக்கட்டையாக நின்றது. அதைத் திரும்பக் கட்டி எழுப்ப வெளியிலிருந்து ஒரு நிதி வந்தது. நிதியைத் தூக்கிக்கொண்டு ஒரு அதிகாரி அம்மாவும் வந்தார். தெரு அவருக்கு நிதியம்மா என்று பெயர் வைத்தது. நல்ல பெண்மணி. பொறுமையாகப் பேசுவார், ஆனால் விதி என்று வந்துவிட்டால் அசைய மாட்டார்.

விதி இதுதான். ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு பேர். ஒருவர் ஆற்றுப் பக்கம், ஒருவர் மேட்டுப் பக்கம். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், ஒரு சாவி அவரிடம். ஒருத்தர் வராவிட்டால் மற்றவருக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. முதல் தவணையில் கட்டடமும் கருவிகளும். நிதியம்மா வந்து, அவர் கண்முன்னே இரண்டு சாவியும் போட்டுக் கதவு திறந்தால்தான் இரண்டாம் தவணை. திறக்காவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த இணைக்குப் போய்விடும்.

தச்சரும் பொறியும் கைகோத்துக்கொண்டு போய் நின்றபோது நிதியம்மா சிரித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமாச்சே. உங்களுக்குள்ள சமாதானம் ஏற்கெனவே இருக்கே. இல்லாதவங்களுக்குத்தான் நான் காசு கொடுக்க முடியும்.”

பொறியும் சேர்ந்து சிரித்தான். தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்துக்கொண்டிருந்தால் சேர்த்து வைத்திருப்பார்கள், ஒழுங்காக இருந்து தொலைத்ததற்குப் பிரித்துவிட்டார்கள் என்று வீடு வரும்வரை கரித்துக் கொட்டினார்.

பொறிக்கு இணையாக மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரன் வந்தான். பொறி இரும்புச் சட்டம் செய்தால் அவன் கண்ணாடி பொருத்துவான். கொளுத்திய தெருவில் முழுசாக ஒரு ஜன்னல்கூட மிஞ்சவில்லை, அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. தச்சருக்கு ஒரு பெயின்டர் வந்து சேர்ந்தார். பேசவே மாட்டார். முதல் நாளே தச்சர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டு, “இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்க” என்றார். பெயின்டர் கோட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தன் டப்பாக்களைத் தள்ளி வைத்துக்கொண்டார். காலையில் இரண்டு பூட்டையும் திறப்பார்கள், மாலையில் பூட்டுவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானம்.

எதிர்ச் சாரியில், பொறியின் பட்டறையில், கதை வேறு. அங்கே எப்போது பார்த்தாலும் சிரிப்புச் சத்தம். தச்சர் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே காதை மட்டும் தெருவைத் தாண்டி அனுப்பிவைப்பார். இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். கண்ணாடிக்காரன் கையைக் கிழித்துக்கொண்டால் பொறி தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். சாயங்காலமானால் நேராகத் தச்சர் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து, “தங்கச்சி, என்ன இருக்கு?” என்று கேட்கிற பொறி, இப்போது வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிய விஷயம். வந்தாலும் பேச்செல்லாம் கண்ணாடிக்காரன் பேச்சு. அவனுக்கு நிறக் கண்ணாடி வெட்டத் தெரியுமாம், அவன் மகள் நன்றாகப் பாடுவாளாம். பாடட்டுமே, யார் வேண்டாம் என்றது?

இதையெல்லாம்கூடத் தச்சர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் மதியம் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பொறியின் குரல் கேட்டது.

“மச்சான், அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பிடி.”

தச்சர் பழக்கதோஷத்தில் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். பொறி இவர் பக்கம் திரும்பவே இல்லை. சட்டத்தைப் பிடித்தது கண்ணாடிக்காரன். தச்சர் ஒன்றும் நடக்காதது போல ஒருதரம் இருமிவிட்டு உள்ளே போனார். பெயின்டர் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நிதியம்மா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பொறி தச்சர் வீட்டுக்கு வந்தான். கடைசி ஜன்னலுக்குக் கோணம் சரிபார்க்க மூலைமட்டம் வேண்டுமாம். வந்தவன் அவசரத்தில் இருந்தான். சட்டைப் பையிலிருந்ததை எல்லாம் மேசையில் கொட்டிப் பென்சிலைத் தேடி எடுத்தான், மூலைமட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான், “மச்சான் காத்துக்கிட்டிருப்பான், வரேன்” என்று கிளம்பிவிட்டான். மேசையில் அவனுடைய சாவி கிடந்தது. தண்டு குழாய் போல உள்ளே துளையாக இருக்கிற பழைய மாதிரிச் சாவி.

கூப்பிட்டிருந்தால் காதில் விழுகிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். தச்சர் கூப்பிடவில்லை. ‘மச்சான் காத்துக்கிட்டிருப்பான்’ என்பது காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. சாவியை எடுத்து, பின்கட்டில் மரத்தூள் நிரப்பி வைத்திருந்த பெட்டிக்குள் நன்றாகப் புதைத்தார். அவர் கணக்கு சுலபமானது. நாளைக்குக் கதவு திறக்காது. மேட்டுப் பக்கத்தான் உடனே குணத்தைக் காட்டுவான். உங்க ஆளுங்களே இப்படித்தான் என்பான். பொறிக்கும் கோபம் வரும். ஒரே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

காலையில் பொறி மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“மச்சான், சாவியை இங்க விட்டுட்டேனா?”

“இல்லையே.”

“மேசை மேல பாத்தியா?”

“இருந்தா குடுக்க மாட்டேனாடா?”

பொறி அந்தப் பதிலை அப்படியே நம்பினான். வேறு எதுவும் கேட்காமல் ஓடினான். அவன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தச்சருக்கு மனசு லேசாகியிருக்கும். மனைவி பெருக்கும்போது பெட்டியைக் கிளறிவிடுவாளோ என்ற பயத்தில், சாவியைத் தோண்டி எடுத்துத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

நிதியம்மா முதலில் தச்சரின் பட்டறைக்குத்தான் வந்தார். தச்சர் ஒரு பூட்டு, பெயின்டர் ஒரு பூட்டு. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. “ரொம்ப ஒழுங்கு. எல்லாரும் உங்க மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல” என்று அவர் பாராட்டிவிட்டு, தரையில் இருந்த கோட்டை மிதித்துக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போனார். தச்சரும் பின்னாலேயே போனார். வேடிக்கை பார்க்க இரண்டு பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள்.

கண்ணாடிக்காரன் தன் பூட்டைத் திறந்துவிட்டு நின்றான். பொறியின் பூட்டு அப்படியே தொங்கியது. நிதியம்மா புருவத்தைத் தூக்கினார்.

“சாவி என்கிட்டதான் இருந்துச்சும்மா. நேத்து நான்தான் வாங்கி வச்சேன். தொலைச்சுட்டேன்” என்றான் கண்ணாடிக்காரன்.

“பொய் சொல்றான்மா. தொலைச்சது நான்” என்றான் பொறி.

“நீ சும்மா இரு மச்சான்.”

தச்சர் காத்திருந்த சண்டை இதுவல்ல. பழியை எடுத்துக்கொள்ள இரண்டு பேரும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

“யார் தொலைச்சாலும் ஒண்ணுதான். விதியை நான் எழுதல. திறக்கலைன்னா இந்த இடத்தை அடுத்த இணைக்குத் தந்துதான் ஆகணும்” என்றார் நிதியம்மா. குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பொறியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நிலவறைக்கு அப்புறம் தச்சர் அதைப் பார்த்ததில்லை. ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் கண்ணாடிக்காரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்:

“விடு. மாமியார் வந்தா திறக்காத பக்கமா இருக்கும்.”

பொறி கலங்கின கண்ணோடு சிரித்தான். கை நின்றது.

அந்தச் சிரிப்பைத் தச்சரால் தாங்க முடியவில்லை. அது அவருடைய கதை. அது அவர் பிடித்த கை. இவ்வளவையும் எடுத்துக் கொடுத்துவிட்டானே பாவி என்று உள்ளுக்குள் வைதார். அவர் சாவியை வெளியே எடுத்தது நல்ல மனசினால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறியைக் காப்பாற்றுகிறவன் தானாக இருக்க வேண்டும் என்ற வெறிதான்.

“இதா பாரு” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். “குழாயடியில கிடந்துச்சு. வர்ற வழியில எடுத்தேன். உன்னோடதுதானோ என்னமோ.”

கூட்டம் கைதட்டியது. நிதியம்மாவின் முகம் மலர்ந்தது. பொறி, “மச்சான்” என்று அவர் தோளைப் பிடித்துவிட்டுச் சாவியை வாங்கிப் பூட்டில் போட்டான். சாவி முழுசாக உள்ளே இறங்கவில்லை. வெளியே எடுத்து, துளைக்குள் வாயை வைத்து ஊதினான், உள்ளங்கையில் தட்டினான். காய்ந்த மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது.

குழாயடியில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கும். அது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொறியின் உள்ளங்கையைப் பார்த்தது மூன்று பேர்தான். கண்ணாடிக்காரன் பார்த்துவிட்டு, தெருவின் கடைக்கோடியைப் பார்க்க ஆரம்பித்தான். தச்சர் தன் கால் விரலைப் பார்த்தார். பொறி நிமிர்ந்து தச்சரை ஒருமுறை பார்த்தான். தூளைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

“எங்க கிடந்துச்சாம்?” என்று நிதியம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

“குழாயடியிலம்மா. நான்தான் அங்க விட்டிருக்கேன்” என்றான் பொறி.

இரண்டாம் தவணை இரண்டு பட்டறைக்கும் கிடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தச்சருக்கு அது யாருடையது என்று தெரியும். அடுப்படி வரைக்கும் வரும் என்று காத்திருந்தார். வந்துவிட்டால் காலில் விழக்கூடத் தயாராக இருந்தார். சத்தம் வாசலோடு நின்றுவிட்டது. அவர்தான் எழுந்து போனார்.

பொறி படிக்குக் கீழே நின்றிருந்தான். கையில் மூலைமட்டம், துடைத்துச் சுத்தமாக.

“தச்சரே, இந்தாங்க, உங்க மூலைமட்டம். ரொம்ப நன்றிங்க.”

“உள்ள வாடா” என்றார் தச்சர்.

“இல்லைங்க. நேரமாச்சு.”

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பக்கத்துத் தெருக்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசிவிட்டுப் போனான். தச்சர் மூலைமட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“யாருங்க வந்தது?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

தச்சர் மூலைமட்டத்தை ஆணியில் மாட்டினார்.

“வெல்டர்.”

“எந்த வெல்டர்?” என்றாள் அவள்.