மடி கரைக்கு வரும்வரை

1
இந்தக் கதை ஷானிகாவின் தேத்தண்ணிக் கடையில் கிடைத்தது. சண்டை நேரம் முல்லைத்தீவிலிருந்து வந்து மாம்புரியில் குடியேறியவன் நான். வலை இழுக்கப் போகுமுன் அவளுடைய கடையில்தான் குந்துவேன். அவள் பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, போகிறவள். என் மகன் றஜீவனைக் கடல் கொண்டுபோன பிறகு, ஒருநாள் தேத்தண்ணியோடு சில சிங்களச் சொற்களும் தந்தாள். நிதுக் வேவா, நீரோகி வேவா, சுவபத் வேவா. துன்பமில்லாமல், நோயில்லாமல், சுகமாக இருக்கட்டும்.

"முதல் உங்களுக்குச் சொல்லுங்க, சின்னத்துரை மாமா. பிறகு மகனுக்கு. பிறகு சும்மா தெரிஞ்ச ஆளுக்கு. கடைசியா, பிடிக்காத ஆளுக்கு."

சும்மா தெரிஞ்ச ஆள் யாரென்று கேட்டேன்.

"நான்தான். சீனி கூடினா மட்டும்தானே என்னைப் பார்க்கிறீங்க."

பிடிக்காத ஆள் யாரென்று அவள் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

2
பாயிஸ் ஒரு கெட்டவன்.

(வெட்டுகிறேன். எத்தனை விதமாக எழுதினாலும் ஆள் அந்த வரிக்குள் அடங்குகிறான் இல்லை.)

பாயிஸும் றஜீவனும் ஒரே படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. பிடித்து மிதக்க இருந்தது ஒரேயொரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான். "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு" என்று றஜீவன் அதைப் பாயிஸிடம் தள்ளிவிட்டானாம். இதைப் பாயிஸே என் வாசலில் நின்று சொன்னான். மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடிக்காது. (இதில் நியாயம் இருந்திருந்தால் ஷானிகாவின் சொற்கள் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.)

3
கரைவலை தெரியாதவர்களுக்கு: வலையின் இரண்டு பக்கமும் கயிறு. ஒரு கூட்டம் வடக்கே நின்று இழுக்கும், ஒரு கூட்டம் தெற்கே. மீன் சேருகிற பைக்கு மடி என்று பெயர். மடி கரையேறும்வரை கயிற்றில் கை வைத்திருந்தவனுக்கே பங்கு.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எங்கள்மேல் இரக்கப்பட்டு என்னை வடக்கிலும் பாயிஸைத் தெற்கிலும் விட்டார். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் நடந்து நடந்து ஒன்றாகிவிடும் என்பது, பிறந்ததிலிருந்து வலை பார்த்த அந்த மனிசனுக்கு நினைவு வரவில்லை. அதனால் பாயிஸ் ஒவ்வொரு நாளும் எனக்குப் பக்கத்தில் வராமல், மடி வருமுன் கயிற்றை விட்டுவிட்டுப் போவான். பங்கில்லாமல்.

இழுக்கும்போது நான் அந்தச் சொற்களைச் சொல்வேன். எனக்கு, மகனுக்கு, ஷானிகாவுக்கு. பாயிஸின் பெயர் வந்ததும் என் பல்லுக்குள்

(இந்த வசனம் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

4
றஜீவன் பன்சலைக்குப் போனவனில்லை. கோயிலுக்கும் நான்தான் இழுத்துக்கொண்டு போகவேணும். கரையில் நின்று பல்லைக் கடித்து நான் பழகுகிறதை, அவன் கடலுக்குள் பழகாமலே செய்தான். என் பிள்ளை. இதை எழுதும்போது முதுகை நிமிர்த்தித்தான் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் காப்பாற்றிய ஆள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக, நான் மீனோடு போவதா?

5
ஒரு முடிவு: பாயிஸ் அழுகிறான், கட்டிப்பிடிக்கிறோம். (வேண்டாம். வலை இழுக்கிற நேரம் இங்கே யாரும் அழுவதில்லை. மீன் போய்விடும்.)

இன்னொன்று: அவன் விட்டுப்போன பங்கை நானே அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். (நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில் நான் பெரிய மனிசன் ஆகிவிடுகிறேன்.)

நடந்தது இதுதான். இன்று காலை கயிறுகள் நெருங்கின. பாயிஸின் பிடி தளர்ந்தது. அவன் பெயரைச் சொல்லி அந்தச் சொற்களை மனதுக்குள் ஒருமுறை சொன்னேன். பிறகு வாய்விட்டு:

"தம்பி, கயித்தை விடாதேங்கோ. என்ர மகன் கைவிடாத ஆள் நீங்கள்."

அவன் என்னைப் பார்த்தான். மடி இன்னும் இடுப்பளவு தண்ணீரில்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். வாசிக்கிற நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். தெற்கோ வடக்கோ, ஒரு கயிற்றில் கை வையுங்கள். மடி பாரமாக இருக்கிறது.