பனிப்பருந்துக்கு ஒரு கால்சட்டை

மினியாபொலிஸ் காமிக்ஸ் விழாவின் பெரிய திரையில் துருவத் தளபதி நீச்சலுடையில் வந்து நின்றார். காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. சுற்றிலும் பனிப்பாறை. இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, முதுகைக் காட்டியபடி தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். எண்பது வருடமாக உலகைக் காப்பாற்றி வரும் காமிக்ஸ் வீரர். தொடை முடியைக்கூட விடாமல் வரைந்திருந்த அந்தப் பாவி நான்தான்.

திரையில் வந்திருக்க வேண்டியது மரிட் ஹால்வர்சனின் படம். எண்பதாம் ஆண்டுச் சிறப்பிதழுக்காகப் பழைய வீரர்களுக்குப் புது உடை யோசித்துத் தரும்படி பதிப்பகம் எங்கள் ஊர் ஓவியர்களைக் கேட்டிருந்தது. மரிட்டுக்குக் கிடைத்தவள், தளபதியின் கூட்டாளி பனிப்பருந்து. மரிட் கோடு போடுவாள், நான் வண்ணம் தீட்டுவேன். கணினியில் எங்கள் வேலை கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. அலுத்துப்போன ஒரு மதியம், எல்லாவற்றுக்கும் மேலே புதுத் தாள் ஒன்றைப் போட்டு, பனிப்பருந்தின் பழைய நீச்சலுடையைத் தளபதிக்கு மாட்டிவிட்டேன். மரிட் நாற்காலியிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தாள். அந்தப் பெருமையிலேயே மிதந்து, அனுப்பும்போது அந்தத் தாளை மறைக்க மறந்துவிட்டேன்.

அரங்கம் கூச்சல் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் மினசோட்டாக்காரர்கள் கூச்சல் போடுவதில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னாள்: "அது… வித்தியாசமா இருக்கு, இல்ல?"

எங்கள் ஊரில் அதைவிடக் கொடிய வசவு கிடையாது.

பதிப்பாசிரியர் வெர்ன் ஆம்டால் "சின்னக் கோளாறு" என்று இருமிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினார். அதில் ஒரு வீரனுக்கு ஆறு கையும் எரிமலைத் தோலும் முளைத்திருந்தன. கைதட்டல் கூரையைத் தொட்டது. மரிட்டின் படம் திரைக்கு வரவே இல்லை.

விழாக் கூடத்தில் எங்கள் மேசைக்குத் திரும்புவதற்குள் ஒரு ரசிகர் காத்திருந்தார். தளபதி வேடம்: கம்பளி அங்கி, முழங்கை வரை கையுறை, காது மூடிய தலைக்கவசம். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்தப் பனியில அவரை வெறுந்தொடையோட நிக்க வச்சிட்டீங்களே!"

"பக்கத்துல பனிப்பருந்தும் அப்படித்தானே நிக்கிறா. எண்பது வருஷமா."

"அவ கதை வேற."

"ஏன், அவளுக்குக் குளிராதா?"

"அது அவளோட உடைங்க."

"யார் கொடுத்த உடை? அவளா கடைக்குப் போய் எடுத்தா?"

"என் பையன் இதப் பாத்துட்டான்," என்றார். "இப்ப அவன் கிட்ட என்ன சொல்லுவேன்?"

"என் பொண்ணு பனிப்பருந்தை அப்படிப் பாத்துக்கிட்டேதான் வளந்தா," என்றேன். அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு கை முளைத்தால் கற்பனை. ஒரு ஆண்பிள்ளையின் தொடை தெரிந்தால் அவமானம். ஒரு பெண்ணின் தொடை தெரிந்தால் மரபு. என்ன நியாயம் இது?

மரிட் மேசைக்குப் பின்னால் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"கோபமா?"

"இல்லப்பா."

"ரெண்டு திட்டாவது திட்டேன்."

"பரவால்ல விடு, லைல். உன் படம் நல்லாத்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன். அவள் டுலூத்காரி. பனிப்பருந்தின் புது உடைக்காகத் தன் ஊர் ஏரிக்கரையில், காற்று முகத்தைக் கிழிக்கிற ஜனவரியில், கனத்த அங்கியோடு போய் நின்று பார்த்தவள். கை எந்த இடத்தில் மடங்குகிறது, ஓடினால் துணி எங்கே பிடிக்கிறது என்று. பனிப்பருந்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை கொடுத்தாள். முள் பதித்த பூட்ஸ் கொடுத்தாள். இறக்கைகள் அப்படியே இருந்தன. பைகளும் இருந்தன, அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உயரும். "எண்பது வருஷமா அவ வீட்டுச் சாவிய எங்க வச்சிருந்தா, சொல்லு?" தான் வரைந்த அந்த உடையில் பனிப்பருந்து ஒரு இதழிலாவது வர வேண்டும். மரிட் கேட்டது அவ்வளவுதான்.

அதை நான் கெடுத்துவிட்டேன். வெர்னைத் தேடிப் போனேன்.

மேடைக்குப் பின்னால் எலுமிச்சைக் கேக் தட்டோடு நின்றிருந்தார். கடைசித் துண்டு. எங்கள் ஊரில் அதை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள்; பாதியாக வெட்டுவார்கள், பிறகு அந்தப் பாதியைப் பாதியாக.

"வெர்ன், தப்பு என்னோடது. மரிட் படம் சிறப்பிதழ்ல வருமா?"

"நல்ல பொண்ணு. ரொம்ப உழைப்பு." கேக்கைப் பாதியாக வெட்டினார். "கொஞ்சம் எடுத்துக்கோயேன்."

"வருமா?"

"பாப்போம். எல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"யாரோட?"

"பனிப்பருந்து பொம்மை செய்யறவங்க இருக்காங்க, பழைய வாசகருங்க இருக்காங்க… குளிர் இப்ப கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இல்ல?"

"நீங்க இந்த ஊர்ல பொறந்தவர்தானே? குப்பைத் தொட்டிய வாசல்ல வைக்கப் போறதுக்கே எத்தனை உடுப்பு மாட்டிக்கிறீங்க? அவ துருவத்துல நிக்கிறா, வெர்ன்!"

"உன் ஆதங்கம் புரியுதுப்பா." பாதியையும் பாதியாக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தை அனுப்பியது போன மாதம். அந்த ரோமத் தொடையை ஒரே ஒருவர் பார்த்திருந்தாலும், அன்றைக்கே என் தொலைபேசி அலறியிருக்கும். அது அலறவில்லை.

"வெர்ன், நாங்க அனுப்பினதை இன்னிக்கு முன்னாடி ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை; பிறகு பார்த்தார்.

"இல்ல. திறக்கவே இல்ல. நீங்க அனுப்பறதுக்கு முன்னாடியே இதழ் அச்சுக்குப் போயிடுச்சு. அவளுக்குப் பழைய உடைதான். விழா மேடையில பேச ஏதாவது வேணுமேன்னுதான் உங்களை வரையச் சொன்னோம்."