கோம்பையில் கேட்ட பின்லாந்துக் குரல்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. மற்றவர்களுக்குக் காதலில் பிறக்கிறது, பசியில் பிறக்கிறது. எனக்கு வாய்த்தது இது.

2004இல் தேனிப் பக்கம் கோம்பையில் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பிடு. உச்சிப் பூசை நேரத்தில் ஊர்ப் பையன் தங்கப்பாண்டிமேல் கருப்பசாமி இறங்கியது. கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த உறுமலை முன்பே கேட்ட மாதிரி இருந்தது. கேட்டது கோம்பையில் இல்லை, பெங்களூரில். உறுமியவர் பின்லாந்துக்காரர்.

சிரிக்காதீர்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது என் அறைத்தோழன் அந்த ஒரே ஆல்பத்தைப் போட்டுப் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்தான். அந்தக் குரல் எனக்கு அத்துப்படி.

2

குழுவின் பெயர் ரௌட்டாஹல்லா என்று வைத்துக்கொள்வோம். (இணையத்தில் தேட வேண்டாம். நான் வைத்த பெயர்.) 1996இல் நான்கு பேர் ஒரு கார் ஷெட்டில் தொடங்கினார்கள். கிட்டாரின் சுருதியை இறக்கிவிட்டு, இரண்டு காலாலும் டிரம்மை மிதித்துத் தள்ளுவார்கள்; பாடகர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். டெத் மெட்டல் என்று அதற்குப் பெயர். பாட்டின் வரிகள் பின்லாந்துக்காரர்களுக்கே புரியாதாம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது ஆல்பத்தில் பெயர் வாங்கினார்கள். 2003இல் பாடகர் விலகினார். அடுத்து வந்தவர் அச்சு அசலாக அதே மாதிரி உறுமினார். ரசிகர்கள் நம்பவில்லை. பழைய குரலைக் கள்ளத்தனமாக ஒட்டிவிட்டார்கள் என்று இணையத்தில் ஒரே சண்டை. தேனியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

[அந்த ஆல்பத்தின் முதல் பாட்டுக்குப் பொருள் தேடினேன். ஏரியில் மூழ்கிய மகன் தாயிடம் பேசுவதாக இங்கே எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவ்வளவு வசதியாக எந்தப் பாட்டும் அமையாது. அது துருப்பிடித்த ரயில் பாலத்தைப் பற்றிய பாட்டு.]

3

அந்தக் குரல் கோம்பைக்கு எப்படி வந்தது? சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

மேகமலைக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவர் பஸ்ஸில் தவறவிட்ட கேசட்டை

(சினிமாத்தனம். வேண்டாம்.)

சிறு வயதிலிருந்தே மேற்கத்திய இசைமேல் தீராத தாகம் கொண்ட தங்கப்பாண்டி

(அவனைப் பார்த்தவர்கள் என்னை உதைப்பார்கள்.)

நடந்தது இவ்வளவுதான். தங்கப்பாண்டி கோம்பையில் மைக் செட் வைத்திருக்கிறான். மதுரையில் பழைய கேசட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து, மறுபடி பதிய வசதியாக மேல் ஓட்டையில் டேப் ஒட்டி, காதுகுத்துப் பாட்டைப் பதிந்துவிடுவான். அந்த மூட்டையில் ரௌட்டாஹல்லாவும் வந்து சேர்ந்தது. அதை மட்டும் அவன் அழிக்கவில்லை. ஸ்பீக்கர் பாக்ஸின் அடிச்சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சரக்கு இல்லையாம். விசேஷ வீட்டில் பந்தல் கட்டியதும் முதலில் அதுதான் ஓடும். கூடவே இவனும் மைக்கில் உறுமிப் பார்ப்பான். வருஷக்கணக்காக அந்தப் பழக்கம்.

4

இனி சந்தனம்மாள். எனக்கு ஒன்றுவிட்ட சின்னம்மா. அவருடைய ஒரே மகன் வீரபாண்டி 2001இல் வாழைக்காய் லாரியில் கிளீனராகக் கேரளாவுக்குப் போனவன், திரும்பவில்லை. லாரி திரும்பிவிட்டது. கோட்டயத்தில் இறங்கி டீ குடிக்கப் போனான் என்றார் டிரைவர். போலீஸில் சொல்லி, ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டி, ஒன்றும் நடக்கவில்லை. கருமாதியை முடித்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள் என்று பங்காளிகள் நெருக்கினார்கள்.

பழைய சாமியாடி ராக்கையா இறந்ததிலிருந்து கருப்பசாமி யார்மேலும் இறங்கவில்லை. 2004 கும்பிடில் உருமி மேளம் முழங்க ராக்கையாவின் தம்பி மகன் தங்கப்பாண்டி துள்ளிக் குதித்தான். வந்தது சாமிதானா என்று பார்க்கப் பூசாரி அம்மாவாசி அவன் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றினார். அது எரிந்து அணையும்வரை கை நடுங்கவில்லை. சின்னம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு முன்னால் போய் விழுந்தார்.

“எம்மகன் இருக்கானா இல்லையா, சொல்லு சாமி!”

அந்த உறுமல் எழுந்தது. ரயில் பாலத்துப் பாட்டில் மூச்சை இழுத்துவிட்டு வருமே, அதே உறுமல். அதன் நடுவே தெளிவாகச் சொன்னது: “வருவான். இலை போடாதே.”

செத்தவனுக்கு இலை போட்டுப் படைக்கும் கருமாதியைச் சின்னம்மா நிறுத்திவிட்டார். மகனுக்கு ஒரு தட்டு தினமும் எடுத்துவைக்க ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

5

தங்கப்பாண்டியைக் கடையிலேயே பிடித்தேன்.

“ஏலே, உண்மையச் சொல்லு. அது அந்தக் கேசட்டுக் குரல்தானே?”

ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லண்ணே. உருமிச் சத்தம் கேட்டுச்சு. பொறகு மொகத்துல தண்ணி தெளிச்சாக.”

“குரல் அதேதான்டா. நான் கேட்டிருக்கேன்.”

“இருக்கட்டும். சாமி வந்தா எங்கிட்ட இருக்குற தொண்டையிலதான பேசணும்? ராக்கையா பெரியப்பா தொண்டைக்கு எங்கிட்டுப் போறது?”

[இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. மைக் செட்காரன் இப்படிப் பேசுவானா, நான் பேசவைக்கிறேனா? பேசினான். சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். என் சத்தியத்தை நீங்கள் நம்பக் காரணம் ஒன்றுமில்லை.]

6

இந்த மாதிரிக் கதையில் இந்த இடத்தில் மாற்று முடிவுகள் தர வேண்டுமாம்.

அ) வீரபாண்டி தாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். சின்னம்மாவுக்காக இதை எழுத ஆசைப்பட்டேன். எழுதவும் எழுதினேன். அவன் வாயைத் திறந்து என்ன பேசுவான் என்று தெரியாமல் அவனை பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆ) தங்கப்பாண்டி எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறான். ஒத்துக்கொள்ள அவனிடம் என்ன இருக்கிறது? கை வெந்த தழும்புதான் இருக்கிறது.

இ)

7

இ-யை என்னால் எழுத முடியவில்லை. அது நடந்தது.

2010இல் ரௌட்டாஹல்லா கலைந்தது. புதுப் பாடகரின் குரல் அவருடையதுதானா என்பது கடைசிவரை தீரவில்லை. அதே வாரம் சின்னம்மா என் வீட்டுக்கு வந்தார். நாலு பேரிடம் நான் சொல்லிவைத்த சந்தேகம் சுற்றிச் சுற்றி அவர் காதுக்கும் போயிருந்தது.

“ஏப்பா, சாமி பேசலை, ஏதோ கேசட்டு பேசுச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. அதப் போடு, நானும் கேக்குறேன்.”

கம்ப்யூட்டரில் ரயில் பாலத்துப் பாட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அரைநிமிஷத்தில் கழற்றி எறிவார் என்று நினைத்தேன். பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருதரம் கையைக் கூப்பினார். என்னைத் திட்டப்போகிறார், இல்லாவிட்டால் அழப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

“இவுக எந்தூருப்பா?”

“பின்லாந்து, சின்னம்மா. வடக்க, ரொம்பத் தூரம்.”

“தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பன்னா நீ இங்கிலீசுல கேளுப்பா. எம்மகன் வருவானான்னு இவுககிட்டயும் ஒருவாட்டி கேட்டுச் சொல்லு.”

சாமியைச் சந்தேகப்பட்டேன், தங்கப்பாண்டியைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத பின்லாந்துப் பாடகரையும் விடவில்லை. சின்னம்மா என்னைத் துளிகூடச் சந்தேகப்படவில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். வருவான் என்றால் தட்டு எடுத்துவைப்பார். வரமாட்டான் என்றால் இலை போடுவார். அந்த பயத்தில்தான் இதுவரை வளவளத்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. மிச்ச வாக்கியம் உங்கள் பொறுப்பு. அவர் என் கையை இன்னும் விடவில்லை, சீக்கிரம் சொல்லுங்கள்.

“கேட்டேன் சின்னம்மா. அவுக என்ன சொன்னாகன்னா