நாற்பத்தொன்று எடுத்துத் தோற்றவர்கள்

எனக்கு இரக்கம் பிடிக்காது. நான் மற்றவர் மேல் படுகிற இரக்கத்தைச் சொல்லவில்லை, மற்றவர் என் மேல் படுகிறதைச் சொல்கிறேன். எங்கள் லீக்கில் அதற்கு விதியே வைத்திருக்கிறார்கள். ஓர் அணி நாற்பது புள்ளி முன்னே போய்விட்டால் நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை முடித்துவிடுவார். தோற்கிறவர்களின் மனம் நோகக்கூடாதாம். அப்படி மூன்று ஆட்டம் இடையில் நின்றால் அந்த அணியை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதுவும் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தானாம்.

எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு ஆட்டம் அப்படி நின்றிருந்தது.

நாங்கள் விளையாடுவது கொடி ஃபுட்பால். அமெரிக்க ஃபுட்பால்தான், ஆனால் ஆளை ஆள் முட்டி விழுத்துவதில்லை. பந்து வைத்திருப்பவளின் இடுப்புப் பட்டியில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் அவள் ஓட்டம் அதோடு சரி. அணிக்கு ஐந்து பேர். ஞாயிறு காலை மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பூங்காவில் ஆட்டம். நான் மேனுகா, பந்து எறிகிறவள். சாருஜா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறாள், எங்களில் ஓடக்கூடிய ஒரே கால் அவளுடையது. அருளம்மா அக்கா மட்டக்களப்பு, கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிறவர், எல்லோரிலும் மூத்தவர், நெட்டையானவர். இன்னும் இருவர். ஐந்து பேருமே ஊரில் பள்ளிக்கூட அணிக்கு வலைப்பந்து விளையாடியவர்கள்.

பிழையே அங்கேதான் இருந்தது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓரடி வைக்கக்கூடாது. நின்ற இடத்தில் நின்று மற்றவளுக்கு எறியவேண்டும். ஃபுட்பாலிலோ பிடித்த கையோடு ஓடவேண்டும். அருளம்மா அக்கா எவ்வளவு உயரத்தில் வந்த பந்தையும் பிடித்துவிடுவார், பிடித்ததும் ஆணி அடித்தது போல நின்றுவிடுவார். "ஓடுங்கோ அக்கா, ஓடுங்கோ" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். அதற்குள் கொடி போய்விடும்.

"ஓடத்தான் நினைக்கிறன் புள்ள, கால் கேக்குதில்ல" என்பார்.

என் கணவர் ஸ்ரீதரனுக்கு இது நல்ல பகிடி. "நீங்கள் குடுத்த புள்ளியைப் பாத்தால் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கிடக்கு" என்று கொடுப்புக்குள் சிரிப்பார். இந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் எனக்குக் காட்டியதே அவர்தான். நான் அதில் பிடித்துக்கொண்டது பெரிய ஸ்கோர்களை. 1940இல் ஓர் இறுதியாட்டம் எழுபத்துமூன்றுக்குப் பூச்சியம். 1956இல் எங்கள் மொன்றியல் ஹமில்டனுக்கு எண்பத்திரண்டு போட்டது. 2018இல் கன்சாஸ் சிற்றி ஐம்பத்தொன்று எடுத்தும் தோற்றது. எனக்கு ஆகப் பிடித்தது 1966இல் நடந்தது: வாஷிங்டன் எழுபத்திரண்டு, நியூயோர்க் நாற்பத்தொன்று. அமெரிக்காவின் அந்தப் பெரிய லீக்கில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்குமாக இதைவிடக் கூடுதலான புள்ளி இன்றுவரை விழவில்லை. ஆட்டம் முடியச் சில விநாடிதான் இருந்தது, வாஷிங்டன் இருபத்தெட்டுப் புள்ளி முன்னே நின்றது, அப்போதும் பந்தை உதைத்து இன்னும் மூன்று எடுத்தார்கள்.

"அது அநியாயம். வெண்டாச்சு, பேந்து ஏன் அடிக்கிறாங்கள்?" என்பார் ஸ்ரீதரன்.

"மற்றவன் நாப்பத்தொண்டு எடுத்தவன். கடைசிவரைக்கும் விளையாடினவன். அவனுக்கு முன்னாலை சும்மா நிக்கிறதுதான் அநியாயம்."

நாங்கள் இதில் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எழுபத்துமூன்றுக்குப் பூச்சியம் ஓர் அணியின் வேலை. எழுபத்திரண்டுக்கு நாற்பத்தொன்று அப்படி வராது, அதற்குத் தோற்கிறவனும் விடாமல் அடிக்கவேண்டும். இதை நான் சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொன்னாலும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டுவார்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, கை விறைக்கிற குளிரில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிற பெண்பிள்ளைகள் எங்களோடு ஆட வந்தார்கள். பாதி ஆட்டத்தில் முப்பத்தெட்டுக்குப் பூச்சியம். இன்னும் ஒரு தரம் பந்தோடு எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால் அவர்களுக்கு ஆறு புள்ளி, ஆட்டம் நின்றுவிடும், நாங்கள் லீக்கை விட்டு வெளியே. லீக் நடத்துகிறவர் கோப்பிக் கிண்ணத்தோடு வந்து, எங்கள் நேரத்துக்கு வேறு அணி காத்திருப்பதாக, மிக அன்பாக, பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் நேரம் என்றால் ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று. அந்த ஒரு மணித்தியாலத்தில் எங்களை யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்று கூப்பிட்டு மிச்சக்காசு கேட்பதில்லை. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நினைக்க நினைக்கக் கோபம் தலைக்கு ஏறியது. எல்லோரையும் பார்த்தேன். அருளம்மா அக்கா குனிந்து தன் கால்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கால்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, இனி ஓடாதேங்கோ" என்றேன்.

"என்ன புள்ள, கோவமா?"

"இல்லை. பிடியுங்கோ, நில்லுங்கோ. மூண்டு பேர் உங்கட கொடிக்குப் பாய்வினம். அந்த நேரம் பின்னாலை வாற சாருஜாவுக்கு எறியுங்கோ. பின்பக்கமா எத்தினை தரமும் எறியலாம், விதியிலை இருக்கு. வலைப்பந்து விளையாடுங்கோ."

இது ஏன் முதலே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அவருடைய பழக்கத்தை மாற்றப் பாடுபட்டே கோடை முழுவதும் போய்விட்டது.

இரண்டாம் பாதியில் முதல் பந்தை அக்காவுக்கு எறிந்தேன். பிடித்தார், நின்றார். மூன்று பிள்ளைகள் அவரிடம் பாய்ந்தார்கள். பந்து அவர் நெஞ்சிலிருந்து பின்னே போய்ச் சாருஜாவின் கையில் விழுந்தது, அவளுக்கு முன்னால் ஒருவருமில்லை. எங்களுக்கு முதல் புள்ளி விழுந்தபோது கரையில் நின்ற ஸ்ரீதரன் கையிலிருந்த தேத்தண்ணியைச் சப்பாத்தில் ஊற்றிக்கொண்டார்.

அதன்பின் ஆட்டம் ஆட்டமாக நடந்தது. அவர்கள் போட்டார்கள், நாங்கள் போட்டோம், சிலவேளை டச்டவுனுக்கு மேலே கிடைக்கிற ஒன்றிரண்டு புள்ளியோடும். ஐம்பதுக்குப் பதினாலு. ஐம்பத்தாறுக்கு இருபத்தெட்டு. அவர்களைத் தடுக்க எங்களுக்குச் சக்தியில்லை, எங்களைத் தடுக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. அறுபத்தெட்டுக்கு முப்பத்துநாலில், எங்கள் முறையின் கடைசி வாய்ப்பில் நான் எறிந்த பந்து தரையில் விழ, பந்து அவர்கள் பக்கம் போனது. இன்னும் ஒரே ஓர் எறிக்குத்தான் நேரமிருந்தது. முப்பத்துநாலு புள்ளி முன்னே நிற்கிறார்கள். அதில் டச்டவுன் போட்டால் சரியாக நாற்பது, கடைசி எறியென்றாலும் நின்ற ஆட்டமாகத்தான் எழுதுவார்கள்.

அவர்களுடைய தலைவி மரி-ஈவ் என்னிடம் நடந்து வந்தாள். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். விதி அவளுக்கும் தெரியும். "நாங்கள் எறியவில்லை. நான் பந்தோடு முழங்கால் ஊன்றுகிறேன், நேரம் ஓடிவிடும். நீங்கள் லீக்கில் இருப்பீர்கள்" என்று மெல்லிய குரலில் பிரெஞ்சில் சொன்னாள்.

சாருஜா என் கையைப் பிடித்தாள். "ஓமெண்டு சொல்லு மேனுகா. எங்கட இடம் மிஞ்சும்."

நான் என்ன செய்வது? என் ஒருத்தியின் ரோசத்துக்காக மற்ற நாலு பேரின் ஞாயிற்றுக்கிழமையைப் பணயம் வைக்க எனக்கு உரிமையில்லை. பந்து வந்தால் ஓடமுடியாத அருளம்மா அக்கா நிற்கிற பக்கம்தான் வரும். அதனால் அவரிடம் திரும்பினேன். மரி-ஈவ் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "முதல் பாதியில இவங்க முழங்கால் ஊண்டினவங்களா?"

"இல்லை."

"ரெண்டாம் பாதியில ஆருக்குக் கூட?"

"எங்களுக்கு. முப்பதுக்கு முப்பத்துநாலு."

"மறுகா ஏன் கேட்டுக்கிட்டு நிக்கிறாய்? எறியச் சொல்லு."

சாருஜா கையை எடுத்தாள். தன் இடத்துக்குப் போய் நின்றாள். நான் மரி-ஈவிடம் திரும்பி, "மெர்சி, வேண்டாம். உனக்குத் தெரிந்த அளவுக்கு நன்றாக எறி" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிக்காத முகத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அவள் ஏமாற்றவில்லை. பந்து உயரமாக, நேராக, அவர்களில் வேகமான பிள்ளையைத் தேடிக் கோட்டு மூலைக்குப் போனது. அந்தப் பிள்ளையோடு ஓட அருளம்மா அக்காவால் முடியாது. அவர் ஓடவும் இல்லை. அவள் ஓடி வரப்போகிற இடத்தில் முதலே போய் நின்று, பள்ளிக்கூடத்தில் வலைக்கு முன்னால் நிற்பது போல, இரண்டு கையையும் உயர்த்தினார்.

பந்து அவர் கைக்குள் வந்து தங்கியது. ஒற்றைக் காலில் இறங்கி, மற்றக் காலை ஊன்றி, அப்படியே நின்றார்.

"ஓடுங்கோ அக்கா" என்று சாருஜா கத்தினாள்.

அக்கா பந்தை நெஞ்சோடு அணைத்தபடி என்னைப் பார்த்தார். ஓடவேண்டுமா என்று அந்தக் கண் கேட்டது. நேரம் முடிந்திருந்தது. ஒரு பிள்ளை அவருடைய கொடியைப் பிடுங்க ஓடிவந்துகொண்டிருந்தாள், பிடுங்கினால் ஆட்டம் முடியும், முழு ஆட்டமாக. கோடை முழுவதும் அவரை ஓடு ஓடு என்று விரட்டிய நான் இரண்டு கையையும் வாயருகே குவித்தேன்.

"நில்லுங்கோ அக்கா" என்றேன். "அதிலேயே நில்லுங்கோ."