தப்பாத கண்

என் வீட்டுக்காரர் மதியழகனுக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிற வேலை. தோலை மேசையில் விரித்து, ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து மூன்றாம் ரகத்தில் தள்ளிவிடுவார். பதினெட்டு வருஷமாக அவர் கண் தப்பியதில்லை. இதை நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அவரே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வாட்ச் சேகரிப்பார். சேகரிப்பாம்! விவரம் தெரியாதவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, வாட்சை வெளிச்சத்தில் திருப்பி, "உள்ள பூரா துரு. பார்ட்ஸுக்குத்தான் ஆவும்" என்று உதட்டைப் பிதுக்குவார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, "எவ்ளோ கம்மியா முடிச்சேன் தெரியுமா?" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அப்படி முடித்தது ஷபீ அஹமதுவின் வாட்ச். ஷபீ அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. அவருடைய அப்பா கட்டியிருந்த வாட்ச் அது. ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்து, வாட்ஸப் குழுவில் படம் போட்டு, நாற்பதாயிரம் பெறும் என்று எழுதி, வந்த கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தார் இந்த வெட்கங்கெட்ட மனுஷன். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஷபீ வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், என் பொண்ணு சஹர் போன்ல தேடிப் பார்த்தா. அந்த வாட்ச் நாப்பதாயிரம் போவுதாம். திங்கக்கெழம அவளுக்கு நர்சிங் காலேஜ்ல பணம் கட்டணும். அத வித்தாத்தான் ஆவும். நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. கண்ணுக்குத் தப்பியிருக்கும்."

எத்தனை மரியாதை பாருங்கள். ஏமாந்தவரே ஏமாற்றினவருக்கு வழிவிட்டு நிற்கிறார். ஆமாம்பா, கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவருக்கு மானமாவது மிஞ்சியிருக்கும்.

இவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் கண்ணுக்குத் தப்புச்சா? இன்னா பேசுற ஷபீ? பதினெட்டு வருஷத்துல ஒரு தோல் தப்பல. ஒன் வாட்ச கையில வாங்குனப்பவே எனக்கு வெல தெரியும்."

ஷபீ சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். தான் உளறிக்கொட்டியது இவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல ஷபீ, பேரம்னா..."

நான் அலமாரியைத் திறந்தேன். எது ஷபீயின் வாட்ச் என்று எனக்குத் தெரியும். தினமும் துடைத்து வைக்கிறவள் நான்தானே. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஷர்மிளா, உனக்கு இன்னா பைத்தியமா?"

மீதிப் பதினொரு வாட்சையும் மேசையில் பரப்பினேன். "இதெல்லாம் யார் யாரோடது? சொல்லுங்க."

ஒவ்வொன்றாகத் தொட்டு, வாங்கின விலையைச் சரியாகச் சொன்னார். ஒரு பெயர்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.