செல்லக் கடி

நெடுமாறன் தன் உடம்புக்கு என்ன சோப்புப் போடுகிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. துணி சோப்பு கைக்கு அகப்பட்டால் அதையே தேய்த்துக்கொண்டு, மோட்டார் கொட்டகைத் தொட்டியில் இரண்டு முங்கு முங்கி எழுந்துவிடுவார். சோழன் விஷயம் அப்படி இல்லை. அவனுக்கு மன்னார்குடிக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய தனி சோப்பு, முடி வார பிரஷ், காது துடைக்கப் பஞ்சு, குளித்ததும் பூசப் பவுடர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால், வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று தெருவில் ஒருவரும் நினைக்க மாட்டார்கள். நெடுமாறன் வீட்டு நாய் குளிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மகள் தமிழ்நிலா கல்யாணமாகிக் கும்பகோணம் போன வருஷம் வாங்கிய நாய் அது. 'லேப்' ஜாதி என்று சொல்லித்தான் குட்டியைக் கொடுத்தார்கள். வளர வளரப் பாதிதான் லேப், மீதி எந்தத் தெருவின் பங்கு என்று தெரியவில்லை. நெடுமாறனுக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்குச் சோழன் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது என்று கேட்டு, அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார்.

கழுத்திலிருந்து வால் வரைக்கும் நுரை வரவர நிதானமாகத் தேய்ப்பார். பெண்டாட்டி அம்சம் பக்கத்தில் குந்தி, காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பொறுக்குவாள். பொறுக்கியதைக் கொட்டாங்கச்சியில் இருக்கும் டிராக்டர் டீசலில் போடுவாள். எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.

"கட்டிக்கிட்டு வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. எனக்கு ஒருநாளாச்சும் முதுகு தேய்ச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள் அம்சம்.

"இவன மாதிரி நீ வாயத் தொறக்காம நிப்பியா?"

"தேய்ச்சுப் பாத்தாதானே தெரியும்."

வாரா வாரம் நடக்கிற சண்டைதான் இது. சோழன் உடம்பைச் சிலுப்பி இரண்டு பேர் மேலும் தண்ணீர் அடித்துச் சண்டையை முடித்து வைப்பான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கும் தியாகராசன் வண்டியை வாசலில் நிறுத்தினான்.

"அண்ணே, நாளைக்கு நம்ம மாட்டாஸ்பத்திரியில நாய்ங்களுக்கு வெறிநோய் ஊசி போடறோம். இலவசந்தான். சோழனக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

நெடுமாறன் சிரித்துவிட்டார். "அது தெருநாய்ங்களுக்குடா தம்பி. இவன் வாரம் தவறாம சோப்புப் போட்டுக் குளிக்கிறவன். பாரு, உடம்புல ஒரு உண்ணி இருக்கா?"

"குளிக்கிறதுக்கும் வெறிநோய்க்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"அழுக்குலதானே நோவு வருது? அதுவும் மாட்டாஸ்பத்திரிக்கு நாயப் புடிச்சுக்கிட்டு வந்தேன்னு வையி, ஊரே சிரிக்கும்."

பலகையில் என்னவோ 'கால்நடை மருந்தகம்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஊர் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்று பெயர் வைத்து ஐம்பது வருஷமாகிறது. மாடு போகும், ஆடு போகும், அவசரத்துக்குக் கோழிகூடப் போகும். நாய்க்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கிற ஊர். அந்தப் பெயர் எத்தனை வீட்டு நாய்களை வாசலோடு திருப்பி அனுப்பியது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"ரெண்டு நிமிஷ வேலைண்ணே. யோசிச்சு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தியாகராசன் போனான்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல மோட்டார் ஓடியது, நுரை பொங்கியது, பவுடர் மணத்தது. "இன்னிக்கித்தானே ஊசி போடறாங்க?" என்று அம்சம் நினைவுபடுத்தினாள். "குளிச்ச உடம்புல ஊசி குத்துனா சளி புடிச்சுக்கும்" என்று நெடுமாறன் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாசியில் சம்பா அறுவடை. வயலில் அறுப்பு இயந்திரம் ஓட, சோழன் வரப்பில் எலி துரத்திக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய், குரைக்கவுமில்லை உறுமவுமில்லை, நேரே வந்து அவன் மேல் விழுந்தது. ஆட்கள் மண்கட்டி எடுத்து எறிந்து விரட்டுவதற்குள் சோழனின் காது கிழிந்துவிட்டது. நெடுமாறன் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பத்து நாள் பூசினார். புண் ஆறியது. "பாத்தியா என் வைத்தியத்த?" என்று டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசினார்.

பங்குனிக் கடைசியில் சோழன் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். டிராக்டருக்கு அடியில் இருட்டாகப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டால் வரவில்லை. தாடை தொங்கி எச்சில் நூலாக ஒழுகியது. குரைத்தபோது அது அவன் குரலாகவே இல்லை, தொண்டை கட்டிய யாரோ கத்துவதுபோல் இருந்தது.

"முந்தாநேத்து கோழி எலும்பு போட்டோமே, அது தொண்டையில மாட்டியிருக்கு," என்றார் நெடுமாறன். "நான் வாயப் புடிச்சுக்கறேன். நீ கைய விட்டுப் பாரு. ஒன் கைதான் சின்னது."

அம்சம் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை விட்டாள். எலும்பு இல்லை. கையை எடுக்கும்போது தாடை ஒருமுறை மூடித் திறந்தது. புறங்கையில் இரண்டு கீறல், ஒரு சொட்டு ரத்தம்.

"ஐயோ, கடிச்சிட்டானே!"

"கடியா? இவன் கடிச்சா கையி மிச்சம் இருக்குமா? பல்லு பட்டிருக்கு, அவ்வளவுதான். செல்லக் கடி."

அம்சத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குட்டியாக இருந்தபோது எத்தனையோ தடவை அவள் விரலை அவன் இப்படிக் கவ்வியிருக்கிறான். ரத்தத்தை முந்தானையில் துடைத்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டாள். சோழனின் சோப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் தொட்டிச் சுவரின் மேல்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சோழன் செத்துப்போனான். நெடுமாறன் வாய்விட்டு அழுதார். புது வேட்டியில் சுற்றித் தென்னை மரத்தடியில் புதைத்தார். யாரோ வயலில் வைத்த எலி மருந்தைத் தின்றுவிட்டான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தியாகராசன் வேகமாக வந்தான். எச்சில் ஒழுகியதையும் குரல் மாறியதையும் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"யாரயாவது கடிச்சுதாண்ணே? மறைக்காம சொல்லுங்க. கடிச்சிருந்தா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். இன்னும் நேரம் இருக்கு."

"யாரையும் கடிக்கலப்பா."

பொய் சொல்லும் ஆள் இல்லை நெடுமாறன். அவர் பேச்சில் கடி என்றால் சதை கிழிய வேண்டும், ஊர் கூட வேண்டும், நாயை அடிக்கக் கம்பெடுக்க வேண்டும். இது வேறு. நிலைப்படியில் நின்ற அம்சமும் அதைக் கேட்டாள். செத்துப்போன பிள்ளைமேல் பழி போடுவதுபோல் இருக்குமே என்று அவளும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தியாகராசன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கீறல் ஒரு வாரத்தில் ஆறி, தழும்பும் மங்கியது. இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

ஆனி மாதம் குறுவைக்கு நாற்றுவிடும் நேரத்தில் அம்சத்தின் கையில் குறுகுறுப்பு தொடங்கியது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்று ஆறிப்போன அந்த இடத்தையே சொறிந்தாள். காய்ச்சல் வந்தது. மருந்துக் கடை மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள், தொண்டையைப் பிடித்துக்கொண்டு டம்ளரை வீசி எறிந்தாள்.

அன்றைக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அணை திறந்த நாள் முதல் ஊர் காத்திருந்த தண்ணீர். பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடினார்கள். வருஷா வருஷம் முதல் ஆளாக இறங்கி முகம் கழுவுகிறவள் அம்சம். அன்று வாசல் வரை வந்தவள், நுரைத்துக்கொண்டு வரும் தண்ணீரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுமாறன் கார் பிடித்து மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் ஷமா சின்னப் பெண். அம்சத்தின் முகத்துக்கு நேரே ஒரு அட்டையை லேசாக விசிறினாள். அந்தக் காற்றுக்கே அம்சத்தின் கழுத்து இழுத்துக்கொண்டது. ஷமா அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வீட்டுல நாய் இருக்குதாங்கய்யா?"

"இருந்துச்சுங்க. பங்குனியில செத்துப்போச்சு."

"கடிச்சுதா?"

"இல்லீங்க."

அம்சம் வலது கையை மெல்ல நீட்டினாள். தழும்பு இருந்த இடம் சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது. "இவரு அவன் வாயப் புடிச்சுக்க, எலும்பு மாட்டியிருக்கான்னு கைய விட்டுப் பாத்தேன். பல்லு பட்டுச்சும்மா," என்றாள். "செல்லக் கடி."

ஷமா அந்தக் கையை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லப் படுக்கையில் வைத்தாள். பிறகு நெடுமாறனை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"ஊசி போடுங்க டாக்டர். எத்தன வேணும்னாலும் போடுங்க. எந்த ஊருக்கு வேணும்னாலும் கொண்டுபோறேன்."

"பல்லு பட்ட அன்னிக்கே சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு வந்திருந்தா ஊசி கேக்குங்கய்யா. தண்ணியப் பாத்து பயம் வந்த பிறகு கேக்காது. தஞ்சாவூருக்கு அனுப்பறேன். வலி தெரியாம பாத்துக்குவாங்க. அதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல." அவள் நர்ஸைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "நீங்களும் அது வாயப் புடிச்சிருக்கீங்க. நீங்க இன்னிக்கே ஊசி போட்டுக்கணும்."

"எனக்கெதுக்கும்மா?" என்றார் நெடுமாறன். ஆனாலும் நர்ஸ் கையைப் பிடித்து ஊசி போட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தியாகராசன் கார்த்திகையில் சொன்ன அதே இரண்டு நிமிஷம்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அம்சம் ஒன்றரை நாள் இருந்தாள். தாகம் தாகம் என்றாள். தண்ணீரைக் காட்டினால் துடித்தாள். இடையில் கொஞ்சம் தெளிந்தபோது, "சோழன் வேணும்னு செய்யலைங்க" என்றாள். அவ்வளவு வேதனையிலும் நாய்க்காகப் பரிந்து பேசிய மனசு அது. அதைக் கேட்டு நெடுமாறன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். கும்பகோணத்திலிருந்து ஓடிவந்த தமிழ்நிலா, "நாய்க்கு ஊசி போட்டீங்களாப்பா?" என்று ஒன்றுதான் கேட்டாள்.

உடலைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், அப்படியே எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாரா வாரம் நாயைக் கால் மணி நேரம் குளிப்பாட்டியவருக்கு, பெண்டாட்டி தலையில் கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை. முதுகு தேய்த்துவிடக் கேட்டவள், அது நடக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

நெடுமாறன் தவணை தவறாமல் நான்கு ஊசியும் போட்டுக்கொண்டார். கடைசி ஊசி போட்டு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு டீச்சர் செம்மொழி கையில் ஒரு வெள்ளைக் குட்டியோடு வந்தாள். வாங்கி இரண்டு மாதம் ஆகிறதாம்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. சோழனுக்குப் போடுவீங்களே, அந்த சோப்பு எந்தக் கடையில வாங்குனீங்க? இவனுக்கு ஒரே சொறி."

நெடுமாறன் எழுந்துபோய்த் தொட்டிச் சுவரின் மேலிருந்த டப்பாவைக் கொண்டுவந்தார். பாதி தேய்ந்த சோப்பு காய்ந்து வெடித்திருந்தது.

"ஊசி போட்டாச்சாம்மா?"

"மாட்டாஸ்பத்திரிக்கா போகச் சொல்றீங்க?" செம்மொழி தயங்கினாள். அம்சம் எதனால் செத்தாள் என்று அவளுக்குத் தெரியும். படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பச்சக் குழந்தைண்ணே. வீட்ட விட்டே வெளிய போறதில்ல. இவனெல்லாம் கடிக்கவே மாட்டான்."

குட்டி அவள் விரலை மெல்லக் கவ்விக்கொண்டிருந்தது. நெடுமாறன் அதையே பார்த்தார். அழுது முடித்த கண், அதில் தண்ணீர் வரவில்லை.

"நானும் இதையேதாம்மா சொன்னேன். ஊசி, கடிக்கிற நாய்க்கு இல்ல, நாம கொஞ்சுற நாய்க்கு. அதோட வாயிலதானே நாம கைய விடறோம்? பல்லு பட்டாலே அது கடிதான், செல்லக் கடின்னு ஒண்ணு கெடையவே கெடையாது." சோப்பு டப்பாவை அவள் கையில் வைத்தார். "இந்த சோப்ப வச்சு ஒரு நாய வாரம் தவறாம கால் மணி நேரம் தேய்ச்சேன். அன்னிக்கி ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதே சோப்பப் போட்டு அவ கையக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன்னா, இந்நேரம் இங்க குந்திக்கிட்டு ஒன் குட்டிக்கும் சேத்து அவதாம்மா உண்ணி பொறுக்கிக்கிட்டு இருப்பா."