தரங்கம்பாடியில் போட்ட கைக்குட்டை

காலை ரயிலில் ஏகநாதன் மாரிக்குப்பத்தில் ஏறுவான்; சரத் ஏறுவது சில ஸ்டேஷன் தள்ளி, கோரமண்டலில். அதுவரை பக்கத்து இருக்கையில் ஏகநாதனின் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை கிடக்கும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற அந்தப் பெட்டியில் யாரும் அதைத் தொடுவதில்லை. பல வருஷமாக இதுதான் வழக்கம்.

அந்தப் பெட்டிக்குப் பிரதாப் வந்ததிலிருந்து கதை மாறிப்போனது. அவன் எதைப் பற்றியும் பேசுவான். சரத் வாய் பிளந்து கேட்பான். பெட்டி நண்பர்கள் எல்லாரும் தரங்கம்பாடிக்குப் போகலாம் என்று யோசனை சொன்னதே பிரதாப்தான். வேன் புறப்பட்டபோது அவனும் சரத்தும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஏகநாதனுக்குக் கடைசி வரிசையில், பைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவர்கள் இருவரின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். எந்த அறையில் மிளகு வைத்தார்கள், எதில் ஆளைப் பூட்டினார்கள் என்று பிரதாப் சொல்லிக்கொண்டே போனான். "அப்படியா?" என்று சரத் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஏகநாதனுக்கு நெஞ்சு எரிந்தது. மதியம் கரையோரக் கடையில் வறுத்த வஞ்சிரத்தில் முள்ளில்லாத நடுத்துண்டை சரத் எடுத்து பிரதாப் தட்டில் வைத்தான். ஏகநாதன் ரசத்தோடு எழுந்துவிட்டான்.

போகும்போது விட்டதைத் திரும்பும்போது விடக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. கடல் பாதி தின்ற பழைய சிவன் கோயிலைப் பார்க்க மற்றவர்கள் கரையோரமாக நடந்தபோது, அவன் நைசாக நழுவி வேனுக்கு ஓடினான். டிரைவர் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். கொஞ்சம் திறந்திருந்த ஜன்னல் வழியே கைக்குட்டையை எறிந்தான். அது சரியாக முன்வரிசையில் விழுந்தது. வெயிலில் வேனைக் காத்துக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து, காலெல்லாம் மணலோடு அவர்கள் வந்தார்கள்.

"இன்னா ஏகா, எங்க போய்ட்ட? கடல்ல எறங்கிட்டியோன்னு தேடினுகிறோம்" என்றான் சரத்.

"உனக்கு சீட்டு போட்டு வச்சிக்கிறேன்."

சரத் ஜன்னலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "இது நம்ம வாடகை வண்டிப்பா. இது இன்னா ரயிலா, பங்காருபேட்டையில ஜனம் ஏற?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரதாப்தான் அதிகம் சிரித்தான். ஆனாலும் சரத் வந்து கைக்குட்டையை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். ஏகநாதனுக்கு மனசு குளிர்ந்தது.

வேன் கிளம்பியதும் சரத் செல்போனை எடுத்துப் படங்களைக் காட்டினான். கோயில் மதிலின் முன் எல்லாரும் நின்றிருந்தார்கள். சரத்தின் தோளில் பிரதாப்பின் கை.

"அந்தக் கோயிலு முன்னாடி கரைக்கு ரொம்ப உள்ள இருந்துச்சாம், பிரதாப் சொன்னான். பாதிக் கோயிலு கடலுக்குள்ளயே போய்ட்ச்சாம், பிரதாப் சொன்னான்."

சிதம்பரம் தாண்டியும் அந்தப் பேர் ஓயவில்லை. பின்னால் திரும்பினான் ஏகநாதன். பிரதாப் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சரத்தும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தான், கண் செருகியது.

ஏகநாதன் அவன் முழங்கையைத் தொட்டான்.

"அப்புறம் இன்னா சொன்னான்?"